கலிபோர்ணியாவிற் கஞ்சாத் தடையும் அதன் நீக்கமும் – ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணிய மாநிலம் 1913ஆம் ஆண்டிலே கஞ்சாவைத் தடைசெய்தது. 2016ஆம் ஆண்டிலே அம்மாநில மக்கள் அத்தடையைத் தமது வாக்கினால் நீக்கினர். இடைப்பட்ட நூற்றுமூன்று ஆண்டுகளில் அச்செடியின் இயல்பில் மாற்றமெதுவும் நிகழ்ந்துவிடவில்லை. அதன் மருத்துவக் குணங்கள் பற்றிய அறிவு ஓரளவே வளர்ந்தது. மாறியது எது என்பதே நாம் ஈண்டு ஆராய முற்படும் வினா. 'விஞ்ஞானம் வளர்ந்தது, சட்டம் திருந்தியது' என்னும் எளிய விளக்கத்தை இவ்வரலாறு ஏற்றுக்கொள்வதாயில்லை. சட்டம் எவரை நோக்கி இயற்றப்பட்டது, எவர் அதனாற் பாதிக்கப்பட்டபோது அது அசைந்தது, அசைந்தபின் அதன் பயனை எவர் துய்த்தனர் என்ற கேள்விகளினூடாகவே இதனை விளங்கிக்கொள்ள முடியும் என்பது எமது கருத்து.

தடையின் தொடக்கம் எமது வாசகர்க்கு வியப்பளிக்கக் கூடியது. அதிலே இந்தியர் சம்பந்தப்பட்டிருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளிற் பஞ்சாபிலிருந்து சென்ற தொழிலாளர் சிலர் பசுபிக் கரையோரத்திற் புகையிரதப் பாதைகளிலும் மர ஆலைகளிலும் பின்னர் வயல்களிலும் வேலைசெய்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சீக்கியர். எனினும் வெள்ளையரின் பேச்சு வழக்கில் அவர்கள் அனைவரும் 'இந்து'க்களே. 1905இல் சான்பிரான்சிஸ்கோவில் அமைக்கப்பட்ட ஆசியர் விலக்குச் சங்கம் முதலில் யப்பானியர், கொரியர் ஆகியோரை எதிர்த்தது. பின்னர் இவர்களையும் அப்பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. இப்பின்னணியிலேதான், மாநில மருந்தாளர் சபையின் உறுப்பினரான ஹென்றி ஃபிங்கர் என்பார், ஹேக் நகரிற் கூடவிருந்த சர்வதேச அபின் மாநாட்டுக்கான அமெரிக்கப் பிரதிநிதிகளுள் ஒருவரான ஹமில்ற்றன் றைற்றுக்கு 1911 யூலையில் ஒரு கடிதம் எழுதினார். 'இந்து'க்கள் பெருந்தொகையாக வந்திறங்குகின்றனரென்றும், அவர்கள் பயன்படுத்தும் கஞ்சா வெள்ளையரிடையே பரவிவிடக்கூடுமென்றும், அதனை இப்பொழுதே தடுத்தல் வேண்டுமென்றும் அவர் அதிலே வற்புறுத்தினார். ஃபிங்கரும் அம்மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியாகச் சென்றவரே.

இங்கு ஒரு முரண் குறிப்பிடத்தக்கது. அக்கடிதத்துக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, அதாவது 1894இல், பிரித்தானிய இந்திய அரசு நியமித்த கஞ்சா ஆணைக்குழு தனது விரிவான அறிக்கையை வெளியிட்டிருந்தது. இந்தியாவெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, மிதமான பாவனையால் உடலுக்கோ உள்ளத்துக்கோ குறிப்பிடத்தக்க தீங்கு விளைவதில்லையென்றும், முற்றான தடை அவசியமுமன்று, உகந்ததுமன்று என்றும் முடிவு கூறியது. (கஞ்சாவிலிருந்து வருமானம் பெற்றுவந்த அரசொன்றின் குழு அது என்பதை நாம் மறந்துவிடலாகாது.) கலிபோர்ணியச் சட்டவாக்கத்தில் இத்தகைய விசாரணை எதுவும் நிகழவில்லை. 1907ஆம் ஆண்டின் நஞ்சுச் சட்டம் 1913இல் திருத்தப்பட்டபோது, சணற்செடி வகையின் போதைதரும் தயாரிப்புக்கள் அதனுட் சேர்க்கப்பட்டன. பொதுமக்களிடையே அது பற்றி விவாதம் எழுந்ததாகக் கூறுவதற்கில்லை. அன்றைய கலிபோர்ணியரிற் பெரும்பாலோர் அச்செடியைக் கண்டிருக்கவே மாட்டார்கள். பழக்கம் பரவிய பின் தடை வந்தது என்பதே பொதுவான எண்ணம்; இங்கோ தடை முந்திற்று, பழக்கம் பிந்திற்று.

அதே 1913ஆம் ஆண்டில், அதே சட்டசபை, அந்நியர் காணிச் சட்டத்தையும் நிறைவேற்றியது. குடியுரிமை பெறத் தகுதியற்றோர், அதாவது ஆசியர், விவசாய நிலத்தைச் சொந்தமாக வைத்திருத்தலாகாது என்பதே அச்சட்டத்தின் சாரம். இரு சட்டங்களும் ஒரே கையால் எழுதப்பட்டவையென நாம் கூறவில்லை. ஆயினும் அவை ஒரே காற்றைச் சுவாசித்தவை. இதற்கு முன்னுதாரணமும் உண்டு. 1875இல் சான்பிரான்சிஸ்கோ நகரசபை அபின் புகைக்கும் நிலையங்களைத் தடைசெய்தபோது, அதன் குறி சீனத் தொழிலாளரின் குடியிருப்புகளே. வெள்ளையர் வீடுகளில் மருந்துப் போத்தல்களில் இருந்த அபின் கரைசலை அக்கட்டளை தீண்டவில்லை.

'இந்து'க்கள் பற்றிய அச்சம் வெகுவிரைவில் மறக்கப்பட்டது. 1910இல் தொடங்கிய மெக்சிக்கப் புரட்சியின் காரணமாக வடக்கே பெயர்ந்து வந்த மெக்சிக்க மக்கள் அவ்விடத்தை நிரப்பினர். 1914இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மெக்சிக்கக் குடியிருப்பொன்றிற் பயிரிடப்பட்டிருந்த கஞ்சாவை அதிகாரிகள் கைப்பற்றி அழித்தனர். செடியின் பெயரும் மாறிற்று: மருத்துவ நூல்கள் 'கனபிஸ்' என்றும் விவசாயிகள் 'ஹெம்ப்' என்றும் அழைத்த ஒன்று, இப்போது 'மரிஹுவானா' என்னும் மெக்சிக்கப் பெயராற் பத்திரிகைகளில் அறிமுகமானது. அந்நியப் பெயர் அந்நியப் பயத்தை வளர்த்தது. 1937இல் மத்திய அரசாங்கம் மரிஹுவானா வரிச் சட்டத்தை இயற்றிய காலையிற் கலிபோர்ணியத் தடைக்கு இருபத்துநான்கு வயதாகியிருந்தது. அமெரிக்கக் கஞ்சாத் தடையை 1937இலிருந்தும் போதைத் தடுப்புப் பணியகத்தின் தலைவரான ஹரி அன்ஸ்லிங்கரிலிருந்தும் தொடங்கி எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. ஒரு தனிமனிதரின் வெறிக்கு எல்லாவற்றையும் ஏற்றிச் சொல்வது வசதியானதே. ஆயினும் மாநில மட்டத்திலே அமைதியாக நிகழ்ந்த முந்திய வரலாற்றை அது மறைத்துவிடுகின்றது.

இனி, தடையை நீக்கிய கருவி பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1911இல் ஆளுநர் ஹைரம் ஜோன்சன் தலைமையிலான சீர்திருத்தவாதிகள், சதேர்ன் பசுபிக் புகையிரதக் கம்பனி மாநில அரசியலிற் செலுத்திய ஆதிக்கத்தை முறியடிக்கும் நோக்குடன், மக்கள் முன்முயற்சி வாக்கெடுப்பு என்னும் முறையை மாநில யாப்பிற் புகுத்தினர். குறித்த தொகையான வாக்காளர் கையொப்பமிட்டால், சட்டசபையைக் கேளாமலே ஒரு சட்டமூலத்தை நேரடியாக மக்கள் வாக்குக்கு விடலாம். அமெரிக்க வரலாற்றில் இவ்வியக்கத்தினர் 'முற்போக்காளர்' என அழைக்கப்படுவர். அச்சொல்லைக் கேட்டதும் எமது வாசகர் மனத்தில் எழும் பொருள் வேறு. அவர்களோ பெரும்பாலும் நடுத்தர வர்க்க ஒழுக்கவாதிகள். கம்பனிகளின் கையை அடக்க விரும்பிய அவர்களே ஆசியரை விலக்கவும் மதுவையும் போதைப்பொருளையும் ஒழிக்கவும் விரும்பினர். ஆகவே தடையும், பின்னர் அத்தடையை உடைத்த ஆயுதமும், இரண்டாண்டு இடைவெளியில் ஒரே இயக்கத்தின் மடியிற் பிறந்தவையாகின்றன.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அக்காலத்தில் அவை பெரும்பாலும் மெக்சிக்கர் மீதும் கறுப்பின மக்கள் மீதும் விழுந்தமையாற் பொதுசன அபிப்பிராயம் கலங்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் வெள்ளை நடுத்தர வர்க்கத்தின் பிள்ளைகள், பேர்க்லி போன்ற பல்கலைக்கழகங்களின் மாணவர், வியட்நாம் போரை எதிர்த்தோர் ஆகியோர் கஞ்சா புகைக்கத் தொடங்கினர். 1974இல் மட்டும் மாநிலத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் கஞ்சா தொடர்பாகக் கைதுசெய்யப்பட்டனர். இவர்களுள் வழக்கறிஞரின் பிள்ளைகளும் வைத்தியரின் பிள்ளைகளும் இருந்தனர். சட்டத்தின் கொடுமை அப்பொழுதே சட்டமியற்றுவோர் கண்களுக்குப் புலப்பட்டது.

1972இல் கஞ்சாவைத் தண்டனைக்குரியதல்லவாக்கும் 19ஆம் இலக்கப் பிரேரணை மக்கள் முன் வைக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே ஆதரித்தனர். தோல்விதான், ஆயினும் மூன்றிலொரு பங்கு என்பது அரசியல்வாதிகள் கணக்கிலெடுக்க வேண்டிய தொகை. 1975இல் மாநில செனற்றர் ஜோர்ஜ் மொஸ்கோனி கொணர்ந்த சட்டமூலம் நிறைவேறி, 1976 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஓர் அவுன்சும் அதற்குட்பட்டதுமான கஞ்சாவை வைத்திருத்தல் சிறைக்குரிய குற்றமாகவன்றி, நூறு டொலருக்கு மேற்படாத தண்டப்பணத்துக்குரிய சிறு குற்றமாக்கப்பட்டது. 1988இல் வெளிவந்த ஆய்வொன்று, இம்மாற்றத்தால் மாநிலத்துக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் பத்துக் கோடி டொலர் மிச்சமானதாக மதிப்பிட்டது. பொலிசாரும் நீதிமன்றங்களும் சிறைகளும் அதுவரை எத்துணை பெரும் பகுதியை இவ்வொரு செடிக்காகச் செலவிட்டன என்பதை அத்தொகை காட்டும். மொஸ்கோனி பின்னர் சான்பிரான்சிஸ்கோவின் நகர முதல்வரானார். 1978 நவம்பரில், கஞ்சாக் கைதுகளை நிறுத்துமாறு கோரும் பிரேரணையொன்றை அந்நகர வாக்காளர் ஆதரித்துச் சில வாரங்களே கழிந்த நிலையில், அவரும் நகரசபை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் சுட்டுக்கொல்லப்பட்டனர். கொலைக்குக் காரணம் கஞ்சா அன்று. ஆயினும் அவர்களது மறைவோடு அப்பிரேரணையைச் செயற்படுத்துவாரும் இல்லாதொழிந்தனர்.

அடுத்து வந்த காலம் எதிர்த்திசையானது. வட கலிபோர்ணியாவின் ஹம்போல்ற், மென்டசீனோ, றினிற்றி ஆகிய மூன்று மாவட்டங்களும் மலையும் காடும் நிறைந்தவை. மரத்தொழில் நலிந்துகொண்டிருந்த பகுதிகள். நகரங்களை விட்டு நிலத்துக்குத் திரும்பிய இளைஞர் அங்கு குடியேறிச் சிறு துண்டுகளிற் கஞ்சா பயிரிட்டனர். மெக்சிக்க வயல்களுக்கு 1970களின் பிற்பகுதியிற் பராகுவாற் என்னும் களைநாசினி தெளிக்கப்பட்டமை உள்ளூர்ப் பயிருக்குச் சந்தையை உண்டாக்கிற்று. 1983 தொடக்கம் மாநிலமும் மத்திய அரசும் இணைந்து அறுவடைக் காலங்களில் ஹெலிகொப்டர்களுடன் இம்மலைகளைச் சோதனையிட்டன. தடையின் விளைவாக விலை உயர்ந்தது; விலையுயர்வின் விளைவாகச் சிறு விவசாயியும் ஓரிரு டசின் செடிகளைக் கொண்டு குடும்பம் நடத்த முடிந்தது. இவ்விந்தையான பொருளாதாரத்தைப் பின்னர் நாம் மீண்டும் நோக்கவேண்டியிருக்கும்.

திருப்புமுனை எயிட்ஸ் நோயின் வடிவில் வந்தது. 1980களிற் சான்பிரான்சிஸ்கோவின் காஸ்ற்றோ பகுதியில் இளம் ஆண்கள் நூற்றுக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தனர். உணவு செல்லாது, உட்கொண்ட மருந்து தங்காது, உடல் கரைந்து இறந்தனர். கஞ்சா அவர்களுக்குப் பசியைத் தந்தது, வாந்தியைத் தணித்தது. மேரி றத்பன் என்னும் முதிய பெண்மணி கஞ்சா கலந்த இனிப்பு அப்பங்களை வீட்டிற் சுட்டு, நகரப் பொது வைத்தியசாலையின் எயிட்ஸ் பிரிவிற் கிடந்த நோயாளருக்கு இலவசமாக வழங்கினார். 1981இலும் 1982இலும் 1992இலும் அவர் கைதானார். தொண்டுள்ளங் கொண்ட கிழவியொருத்தியைக் குற்றவாளிக் கூண்டிலேற்றிய அரசு, தன்னையே கூண்டிலேற்றிக் கொண்டதெனலாம். டெனிஸ் பெரொன் என்பவரோ வியட்நாமிற் பணியாற்றித் திரும்பியவர். 1970களிலிருந்தே கஞ்சா விற்றுவந்தவர். 1990 சனவரியிற் பொலிசார் அவர் வீட்டினுட் புகுந்து நான்கு அவுன்சு கஞ்சாவைக் கைப்பற்றினர். அவருடைய துணைவர் ஜொனதன் வெஸ்ற், எயிட்ஸினால் மரணத்தறுவாயிலிருந்த நிலையில், நீதிமன்றத்துக்கு வந்து அது தன்னுடையதே எனச் சாட்சியளித்தார். வழக்குத் தள்ளப்பட்டது, வெஸ்ற் அதன்பின் சில நாட்களில் இறந்தார்.

1991இல் மருத்துவக் கஞ்சாவை ஆதரிக்கும் பிரேரணைக்கு அந்நகர வாக்காளருள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சம்மதம் தெரிவித்தனர். பெரொன் நோயாளருக்கான கொள்வனவாளர் கழகமொன்றைப் பகிரங்கமாக நடத்தத் தொடங்கினார். மாநிலச் சட்டசபை 1994இலும் 1995இலும் மருத்துவப் பாவனையை அனுமதிக்கும் சட்டமூலங்களை நிறைவேற்றியது. இரண்டையும் ஆளுநர் பீற் வில்சன் நிராகரித்தார். இந்நிலையிலேதான் 1911இன் ஆயுதம் கையிலெடுக்கப்பட்டது. 215ஆம் இலக்கப் பிரேரணைக்குக் கையொப்பங்கள் திரட்டப்பட்டன. தொண்டர்களாற் போதிய கையொப்பங்களைத் திரட்ட இயலாதிருந்த வேளையில், ஜோர்ஜ் சோறொஸ் முதலிய பெருந்தனவந்தர் பணமுதவினர். மக்கள் இயக்கத்தின் வெற்றிக்குக் கோடீசுவரரின் காசோலை தேவைப்பட்டமை இவ்வரலாற்றின் பிற்பகுதியை முன்னறிவிப்பதாயிருந்தது. 1996 ஓகஸ்டில் மாநிலச் சட்டமா அதிபர் டான் லங்றென் கழகத்தைச் சோதனையிட்டு மூடுவித்தார். அது வாக்காளரை அச்சுறுத்தவில்லை. நவம்பரில் 55.6 வீதத்தினர் பிரேரணையை ஆதரித்தனர். அமெரிக்க மாநிலங்களுள் மருத்துவக் கஞ்சாவை வாக்கினால் முதன்முதல் அனுமதித்தது கலிபோர்ணியாவே.

சட்டம் வாசிப்பதற்கு எளியது. வைத்தியர் வாய்மொழியாகவோ எழுத்திலோ பரிந்துரைத்தால், நோயாளியும் அவரைப் பராமரிப்பவரும் பயிரிடலாம், வைத்திருக்கலாம். 'மருந்துச்சீட்டு' என்னாது 'பரிந்துரை' என்று எழுதப்பட்டமைக்குக் காரணமுண்டு: 1970ஆம் ஆண்டின் மத்திய சட்டம் கஞ்சாவை மருத்துவப் பயனற்றவற்றின் முதலாம் அட்டவணையில் வைத்திருந்தமையால், மருந்துச்சீட்டு எழுதும் வைத்தியர் தமது உரிமத்தை இழக்க நேரும். மத்திய அரசு பரிந்துரைக்கும் வைத்தியரையும் தண்டிப்பதாக மிரட்டியது. 2002இல் ஒன்பதாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், வைத்தியர் நோயாளிக்குக் கூறும் ஆலோசனை பேச்சுச் சுதந்திரத்தினாற் காக்கப்படுவது எனத் தீர்ப்பளித்தது. வைத்தியரின் நாவு விடுதலை பெற்றது. நோயாளியின் செடி பெறவில்லை. 2002இல் மத்திய முகவர்கள் டயான் மொன்சன் என்னும் நோயாளி வீட்டில் வளர்த்த ஆறு செடிகளைப் பிடுங்கி அழித்தனர். அவரும் ஏஞ்சல் றைச் என்னும் இன்னொரு நோயாளியும் தொடுத்த வழக்கில் 2005 யூனில் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் மத்திய அரசுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறியது. விற்கப்படாத, மாநில எல்லையைத் தாண்டாத செடியும் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகத்தைப் பாதிக்கும் என்பதே தருக்கம். 1942இல் தன் பண்ணைக்கெனக் கோதுமை விளைத்த ஒரு விவசாயிக்கு எதிராக வழங்கப்பட்ட தீர்ப்பு அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது. புதிய பேரத்திட்டக் காலத்திலே பெரும் பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்கப் பெருகிய மத்திய அதிகாரம், ஒரு நோயாளியின் கொல்லைப்புறத்தில் வந்து நின்றது.

மத்திய சட்டம் இவ்வாறிருக்க, மாநிலத்தில் நடைமுறை தன்போக்கிற் சென்றது. 2003இல் இயற்றப்பட்ட சட்டம் நோயாளர் கூட்டாகப் பயிரிடுவதை அங்கீகரித்தது. 'கூட்டுறவு' என்னும் பெயரில் நூற்றுக்கணக்கான கடைகள் தோன்றின. அவற்றுட் சில உண்மையிற் கூட்டுறவுகள், பல வியாபாரங்கள். 2010இற் பொதுப் பாவனையை அனுமதிக்கும் பிரேரணை 46.5 வீத ஆதரவுடன் தோற்றது. அதே ஆண்டில் ஆளுநர் ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகர் ஓர் அவுன்சு வைத்திருப்பதை வீதிப் போக்குவரத்துக் குற்றத்துக்கு ஒப்பாக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டமை, தோல்வியின் உட்பொருளை ஓரளவு மாற்றியது. பின்னர் 2016 நவம்பர் 8இல் 64ஆம் இலக்கப் பிரேரணை 57.1 வீத வாக்குகளாற் சட்டமாயிற்று. இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டோர் 28.5 கிராம் வைத்திருக்கலாம். ஆறு செடிகள் வளர்க்கலாம். சில்லறை விற்பனை 2018 சனவரி 1இல் தொடங்கிற்று.

இப்பிரேரணையில் நாம் பெறுமதி மிக்கதெனக் கருதும் பகுதி விற்பனை பற்றியதன்று. முன்னர் தண்டிக்கப்பட்டோரின் குற்றப்பதிவைக் குறைக்கவோ நீக்கவோ அது வழிசெய்தது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் செல்லுமிடமெல்லாம் ஒருவரைப் பின்தொடரும் பதிவு அது. ஆயினும் ஒவ்வொருவரும் தாமே நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்தமையால் விண்ணப்பித்தோர் மிகச் சிலரே. ஆகவே 2018இல் இன்னொரு சட்டம், பதிவுகளைத் தேடிக் கண்டறியும் பொறுப்பை அரசின் மீது சுமத்தியது. சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் 1975 வரை பின்னோக்கிச் சென்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட தீர்ப்புகள் இனங்காணப்பட்டன. தண்டிக்கும்போது வலியத் தேடிவந்த அரசு, மன்னிக்கும்போது வாசலில் விண்ணப்பத்துக்குக் காத்திருந்தமையை இவ்விடயம் தெளிவாகக் காட்டுகின்றது.

வர்த்தகத்தின் கதை வேறு. பிரேரணையின் வாசகம் சிறு விவசாயிக்கு ஐந்தாண்டுக் காப்பளித்தது. பெரும் பண்ணைகளுக்கான அனுமதிப்பத்திரம் 2023 வரை வழங்கப்படாதென்பது ஏற்பாடு. ஆனால் 2017இல் வெளியான ஒழுங்குவிதிகள், ஒருவர் எத்தனை சிறு பத்திரங்களைப் பெறலாம் என்பதற்கு வரம்பு விதிக்கவில்லை. மூலதனமுடையோர் சிறு பத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெரும் பண்ணைகளை அமைத்தனர். சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. அதன் நோக்கம் வாசலாற் புகுந்து கொல்லையால் வெளியேறிற்று. மறுபுறம், பதினைந்து வீத மதுவரியும், உலர்ந்த பூ அவுன்சொன்றுக்கு 9.25 டொலர் பயிர்வரியும், விற்பனை வரியும், உள்ளூராட்சி வரிகளும் ஒன்றுசேர்ந்து சட்டபூர்வமான கஞ்சாவின் விலையை உயர்த்தின. உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தடைசெய்யும் உரிமையும் இருந்தமையாற் பெரும்பாலான நகரங்கள் கடைகளை அனுமதிக்கவில்லை. கள்ளச்சந்தை தொடர்ந்தது. 2021ஐ அடுத்து மொத்த விலை சரிந்தபோது, ஹெலிகொப்டர்களுக்கு அஞ்சாது முப்பதாண்டு தாக்குப்பிடித்த ஹம்போல்ற் விவசாயி சந்தைக்குத் தோற்றான். தடைதான் அவனுக்கு விலையைத் தந்தது என்ற கசப்பான உண்மையை மேலே சுட்டியிருந்தோம். பயிர்வரி 2022 யூலையில் நீக்கப்பட்டமை பலருக்குக் காலந்தாழ்ந்த உதவியே. மதுவரி 2025 யூலையிற் பத்தொன்பது வீதமாக உயர்ந்து, அவ்வாண்டு ஒக்ரோபரில் மீண்டும் பதினைந்துக்குக் குறைக்கப்பட்டது.

தடையினால் மிகுதியும் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கு இவ்வர்த்தகத்திற் பங்களிக்கும் திட்டத்தை ஒக்லாந்து நகரம் 2017இல் முதலில் மேற்கொண்டது. நோக்கம் நேர்மையானது. ஆயினும் வங்கிகள் மத்திய சட்டத்துக்கு அஞ்சிக் கடன் வழங்கவில்லை. எனவே பத்திரம் பெற்ற கறுப்பின இளைஞர் பலர் தனியார் முதலீட்டாளரிடம் சென்று, பெயருக்கு உரிமையாளராகவும் உண்மையிற் கடனாளியாகவும் ஆக நேர்ந்தது. பெரொன், 2010இன் பிரேரணையையும் 64ஐயும் எதிர்த்தவர். எல்லாப் பாவனையும் மருத்துவப் பாவனையே என்பது அவர் வாதம். அதனை நாம் முற்றாக ஏற்கவில்லை. ஆயினும் கஞ்சா பண்டமாகுமெனின் அது பண்டத்தின் விதிகளுக்கே கீழ்ப்படியும் என்ற அவரது ஐயத்தை எளிதிற் புறக்கணிக்க இயலாது. சில்லறைக் கடைகள் திறந்து நான்கு வாரங்களுள், 2018 சனவரி 27இல், அவர் காலமானார்.

இறுதியாக ஒரு விடயம். குடியுரிமை பெறாதோருக்கு மாநிலத்தின் இவ்விடுதலை உரியதாகவில்லை. குடிவரவு மத்திய அரசின் துறை. 2019 ஏப்பிரலிற் குடியுரிமை, குடிவரவுச் சேவை வெளியிட்ட வழிகாட்டல், மாநிலச் சட்டம் அனுமதித்திருப்பினும் கஞ்சாப் பாவனையோ கஞ்சாத் தொழிலில் வேலைசெய்தலோ குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கலாமெனக் கூறியது. மாநில அனுமதிப்பத்திரம் பெற்ற பண்ணையொன்றிற் பூக்களைக் கத்தரிக்கும் மெக்சிக்கத் தொழிலாளி, வரி கழித்த கூலியைப் பெற்றவாறே, அக்கூலி காரணமாகத் தனது விண்ணப்பம் மறுக்கப்படும் நிலைக்கு ஆளானான்.